வாசகருக்கு எழுதிய பதில்

வருடத்தில் பத்து நாள் எனக்கு விடுமுறை. பேனாவைத் தொடமாட்டேன் என்று பத்திரிகை ஆசிரியரிடம் சத்தியம் செய்துவிட்டுத்தான் கிளம்புவேன். தொடவும் மாட்டேன். காதை மட்டும் திறந்து வைத்திருப்பேன். என் தொடர்கதைகள் அத்தனையும் அப்படி வழியில் பொறுக்கியவைதான்.

"ஊர் சுத்தப் போறேன்னு சொல்லிட்டு, திருடத்தானே போறீங்க?" என்பாள் மனைவி.

"கேஸ் போட முடியாத திருட்டு" என்பேன்.

போன விடுமுறையில் மலைப்பாதையில் பஸ் பழுதாகி ஒன்றரை மணி நேரம் நின்றது. பக்கத்து இருக்கையில் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். இடது காது மடலில் தையல் போட்ட தழும்பு. முன்பின் தெரியாதவனிடம்தான் மனிதர்கள் மனம் விட்டுப் பேசுகிறார்கள். கம்மலோடு சேர்த்துக் காதைப் பிய்த்த கணவன். 'எங்க போனாலும் தேடி வந்து கொல்லுவேன்' என்றவன். அவன் குளிக்கப் போன நேரத்தில், குப்பைக்கூடைக்குள் மாற்றுப் புடவையை ஒளித்து, குப்பை கொட்டப் போவதுபோல் வாசலைத் தாண்டியிருக்கிறாள். இப்போது மலைமேல் ஆஸ்பத்திரியில், சலவைக்கூடத்தில், வேறு பெயரில் வேலை.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கண்ணே."

"சேச்சே, நான் யார்கிட்டம்மா சொல்லப்போறேன்?"

மூன்றே மாதத்தில் லட்சம் பேரிடம் சொன்னேன்.

ஜாக்கிரதையாகத்தான் எழுதினேன். மலையைக் கடற்கரை ஆக்கினேன். சலவைக்கூடம் ரொட்டிக்கடை ஆயிற்று. காதுத் தழும்பை எடுத்துவிட்டு மணிக்கட்டில் ஒரு சூடு வைத்தேன். குப்பைக்கூடையை மாற்ற மட்டும் மனம் வரவில்லை. அவ்வளவு நல்ல காட்சி!

கடிதங்கள் குவிந்தன. ஒருவர் எழுதியிருந்தார்: 'குப்பைக்கூடைக் காட்சியில் அழுதுவிட்டேன் ஐயா. நண்பர்கள் இதெல்லாம் வெறும் கப்ஸா என்று கேலி செய்கிறார்கள். நிஜம் என்று நான் பந்தயம் கட்டியிருக்கிறேன்.'

எல்லா வாசகருக்கும் என் கைப்பட பதில் எழுதுவது இருபது வருடப் பழக்கம். கப்ஸா என்ற வார்த்தை வேறு சுருக்கென்று தைத்தது. எழுதினேன்: 'பந்தயத்தில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். பயணத்தில் நானே சந்தித்த பெண். இப்போது மலைமேல் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நிம்மதியாக இருக்கிறாள்.'

ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. அதுவே பெரிய புத்திசாலித்தனம் என்று நினைப்பு.

பத்தாம் நாள் பதில் வந்தது. 'நன்றி ஐயா. அந்தக் காதை வைத்துக்கொண்டு எங்கே கஷ்டப்படுகிறாளோ என்று கவலையாக இருந்தது.'

காது!

கதையில் காதே இல்லை. கடிதத்தின் தேதியைப் பார்த்தேன். எழுதி ஆறு நாள் ஆகியிருந்தது.

மனைவி வாங்கிப் படித்தாள். "கை சும்மாவே இருக்காதா உங்களுக்கு? போன் போடுங்க, சீக்கிரம்!"

போட்டேன். "லாண்டரிக்கெல்லாம் லைன் கெடையாது சார். பேரு என்ன?" என்றது ஆஸ்பத்திரி. பெயர் எனக்குத் தெரியாது. "அப்ப நேர்லதான் வரணும்" என்று வைத்துவிட்டார்கள்.

கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். ஆறு மணி நேரம். வழியில் யாரோ பேசிக்கொண்டே வந்தார்கள். ஒரு வார்த்தைகூட காதில் ஏறவில்லை.

சலவைக்கூடத்தில் நீராவி முகத்தில் அடித்தது. பெரிய எந்திரங்கள் ரத்தக்கறைப் படுக்கை விரிப்புகளைச் சுழற்றிக்கொண்டிருந்தன. சூப்பர்வைசர் அம்மாள் கையைத் துடைத்தபடி வந்தாள்.

"காதுல தையல் போட்ட பொண்ணா? நின்னுடுச்சேங்க. நேத்து மத்தியானம் அவங்கண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிட்டார்."

"அண்ணனா? அவ... சந்தோஷமா போனாளா?"

"வாயே தெறக்கல. போட்டிருந்த ரப்பர் கையுறையக்கூட கழட்டல. எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. யாருய்யா நீன்னு மடக்கினேன். 'ஓடிப்போன தங்கச்சிம்மா, இவரு சொல்லித்தான் மலை ஆஸ்பத்திரி ஒவ்வொண்ணா தேடிக் கண்டுபுடிச்சேன்'னு ஒரு லெட்டரை எடுத்துக் காட்டினார். நான் வாராவாரம் படிக்கிற எழுத்தாளருங்க! அவரே கையெழுத்துப் போட்டிருக்கார்னா சும்மாவா? அனுப்பி வெச்சுட்டேன்."

எந்திரம் ஒன்று நின்றது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆமா, நீங்க யாரு அவளுக்கு?"

போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டேன்.