ஆடாத கோடு

விடிவதற்குள் முப்பது தகடுகளை வளைத்தாக வேண்டும். இரும்புத் தொட்டி செய்யும் அந்தக் கொட்டகையில் சம்மட்டி விழ விழ நெஞ்சுக்கூடே அதிரும். பெரியவர் மட்டும் முகம் சுளிக்காமல் அடிப்பார். சுளிப்பானேன்? அவருக்குக் காது போய் ஆறு வருஷம் ஆகிறது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடுமே என்று வாயசைவைப் பார்த்தே காலம் தள்ளினார். மற்றவர்கள் சிரித்தால் தானும் சிரித்து வைப்பார். விஷயம் தெரிந்தவன் அவருடைய தங்கை புருஷன் ஒருவன்தான்.

அந்த மாப்பிள்ளைதான் சத்தம் தாங்கக் காதில் செருகும் காதடைப்பான் எல்லோருக்கும் வேண்டும் என்று கேட்டு, வேலையாட்களிடம் கையெழுத்து வாங்கினான். முதலாளி கொடுத்தாரா? சத்தம் உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்க ஒரு கருவியை வாங்கி வந்தார். ஒவ்வொருவர் காதிலும் தகடு அறையும் சத்தத்தை ஏற்றி, விரலில் கம்பி மாட்டி, வியர்வையையும் நாடித்துடிப்பையும் காகிதத்தில் கோடாக இழுத்தது அது. மாப்பிள்ளையின் கோடு பேய் பிடித்ததுபோல் ஆடியது. பெரியவரின் கோடு அசையவே இல்லை.

முதலாளி இரண்டு காகிதங்களையும் எல்லோர் முன்னாலும் தூக்கிப் பிடித்தார்.

“பெரியவருக்கு ஒண்ணும் ஆகலையே! கோளாறு சத்தத்துல இல்லடா, உன் உடம்புலதான். நாளையிலேருந்து வராத. கோடு ஆடுன மத்த பதினோரு பேரும்தான்.”

“மனுஷன் உடம்புன்னா துடிக்கத்தான் சார் செய்யும்.”

“அப்ப அவர் மனுஷன் இல்லையா? அவரையே கேளு.”

மாப்பிள்ளை பெரியவரைப் பார்த்து, சொல்ல வேண்டாம் என்று தலையாட்டினான். படுபாவி, தன் பிழைப்பு போகும்போதும் அடுத்தவன் பிழைப்பைக் காக்கிறான்! பெரியவர் சம்மட்டியோடு முன்னால் வந்தார்.

“எனக்குக் காது கேக்காது சார். உங்க கொட்டகைதான் தின்னுச்சு. செத்த காதுல சத்தத்தப் போட்டுட்டு என்னைச் சாட்சிக்கு இழுக்காதீங்க.”

முதலாளியின் உதட்டில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகத் தெரிந்தது: “செவிட்டுப் பயலுக்கா இத்தனை நாள் சோறு போட்டேன்? நீயும் வெளிய போ.”

பெரியவர் குனிந்து சம்மட்டியைக் கீழே வைத்தார். நிமிர்ந்தபோது, தகடுகளைப் பற்றவைக்கும் அக்கா முன்னால் வந்து, தன் இடக்காதைத் தொட்டு, கேட்காது என்று கையை விரித்தாள். கிரேன் ஓட்டுபவர் இரண்டு காதையும் தொட்டார். தகட்டில் துளைபோடும், முப்பது வயதுகூட ஆகாத பையன் வலக்காதைத் தொட்டான். அடப்பாவிகளா, பக்கத்திலேயே நின்றுகொண்டு இத்தனை வருஷமாக ஒருவரிடம் ஒருவர் மறைத்திருக்கிறார்களே!

யாரும் வெளியே போகவில்லை. வெளியாள் யாரும் வராதபடி காவலாளி கேட்டை இழுத்துப் பூட்டினான். முதலாளி போலீஸுக்குப் போன் போட்டார். மாப்பிள்ளை கருவியின் முன்னால் தரையில் உட்கார்ந்து, பெரியவரின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தான். கொட்டகையில் இருந்த அறுபது பேரும் உட்கார்ந்தார்கள். அக்கா பெரியவருக்கும் புரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“எங்க உடம்ப அளந்தது போதும் சார். இப்ப காத அளங்க. ஒருத்தர் விடாம.”