அவங்க

மார்ச் 12, புதன்.

போன வாரப் பதிவேட்டில் ஒரு தப்பு செய்திருக்கிறேன். ஒரே ஒரு சொல். விளையாட்டு சிகிச்சைக்கு வரும் சிறுமி சொன்னது, "அவங்க வந்தா நான் பெட்டிக்குள்ள போயிடணும்." பென்சில் தாளில் அப்படியேதான் எழுதியிருந்தேன். நல்ல பிரதி எடுக்கும்போது 'அவங்க' என்பதை 'அப்பா' என்று மாற்றிவிட்டேன். எங்கள் வீட்டில் அப்பாதான் 'அவங்க', அம்மா 'நீ'. எல்லா வீடும் எங்கள் வீடு என்று நினைத்துக்கொண்டேன். குழந்தையின் சொல்லில் கை வைக்காதே என்று உதவியாளர் பயிற்சியின் மாலை வகுப்பில் முதல் நாளே சொன்னார்கள். அதை அடிக்கோடு போட்டு வேறு வைத்திருக்கிறேன்.

அந்தப் பதிவை நம்பித்தான் சிகிச்சையாளர் மேடம் குழந்தைகள் நல அலுவலகத்துக்குக் கடிதம் தயாரித்திருக்கிறார். நாளை பத்து மணிக்கு அது போகிறது. அது போய்ச் சேர்ந்தால் வெள்ளிக்கிழமை முதல் அப்பா வேறிடத்தில் தங்க வேண்டும். சிறுமி சித்தியோடு மட்டும் இருப்பாள். சித்தி என்றால் அப்பாவின் இரண்டாவது மனைவி.

இன்று விளையாட்டு அறையில் சிறுமி பெரிய பொம்மையைச் செருப்பு வைக்கும் மரப்பெட்டிக்குள் போட்டு மூடி, மேலே ஏறி உட்கார்ந்தாள்.

"நூறு எண்ணுங்க. அழுதா மறுபடி ஒண்ணுலேருந்து."

நான் எண்ணத் தொடங்கினேன்.

"நீங்க இல்ல மிஸ், பொம்மை! உங்களுக்கு விளையாடவே தெரியல."

"சரி. உள்ள அவங்களுக்கு எப்படி இருக்கும்?"

"பயமா இருக்கும். இருக்கட்டும்." பெட்டியைக் குதிகாலால் ஓங்கி ஓங்கி உதைத்தாள். பிறகு சிரித்தாள். நான்கு வாரத்தில் முதல் சிரிப்பு. போன மாதம் வாயே திறக்காமல் தன் கையையே கடித்துக்கொண்டிருந்தவள்.

கதவுக்கு வெளியே சித்தியின் குரல்: "கண்ணு, முடிஞ்சுதா?"

சிறுமி சட்டென்று இறங்கினாள். பொம்மையை வெளியே எடுத்து, அதன் முகத்தைத் தன் பாவாடையால் துடைத்து, காதருகே சொன்னாள்: "மன்னிச்சிடுங்க."

வரவேற்பறைக்கு அழைத்துப் போனேன். அப்பாவும் அப்போதுதான் வந்திருந்தார்.

"அப்பா வந்துட்டான்! ஏண்டா லேட்டு?" என்று ஓடினாள் சிறுமி.

"டிராபிக்குடி, பெரிய மனுஷி." அவர் குனிந்ததும் கழுத்தில் தொங்கினாள்.

"அப்பாவை மரியாதையா பேசணும்னு எத்தனை தடவை சொல்றது?" என்றார் சித்தி, சிரித்தபடிதான்.

சிறுமியின் கைகள் கழுத்திலிருந்து நழுவின. "சரிங்க."

பென்சில் தாளில் இருந்த 'அவங்க' நினைவுக்கு வந்தது. அப்பா 'வந்துட்டான்'. சித்தி 'சரிங்க'.

அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியதும் சித்தி என்னிடம் திரும்பினார். "என்னமோ எண்ணுற சத்தம் கேட்டுச்சே?"

"உள்ள நடக்கறதை வெளியில சொல்றதில்லைங்க."

"பரவாயில்ல. வீட்டுக்குப் போய் அவகிட்டயே கேட்டுக்கறேன்."

மேடத்துக்கு மூன்று முறை போன் செய்தேன்; அணைத்து வைத்திருக்கிறார். செய்தி அனுப்பியிருக்கிறேன். அப்பா வெள்ளி வரை வீட்டில்தான் இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

வகுப்புக்குப் போகவில்லை. இந்தப் பக்கத்தில் 'சித்தி' என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதி, மறுபடி அடித்தேன். போன வாரம் ஊகித்து ஒருவரை உள்ளே இழுத்தேன். இன்று இன்னொருவரை ஊகித்தால் அதுவும் அதே தப்புதானே? ஆனால் ஊகிக்காமல் இருந்தால் வெள்ளிக்கிழமை வந்துவிடும். நான் எழுதக்கூடியது அவள் சொன்னதை மட்டும்தான். யாரிடம் எப்படிச் சொன்னாள் என்பதையும் சேர்த்து.

நாளை: எட்டரைக்கு மேடத்தின் அறை வாசலில் நிற்க வேண்டும். பென்சில் தாளையும் இன்றைய பதிவையும் கையில் கொடுத்து, 'அப்பா' என்பது என் சொல், அவளுடையது இல்லை என்று, கடிதம் போவதற்கு முன் சொல்ல வேண்டும்.