படகுக்கு முன்னால் பட்டு

"பட்டு" என்று தேடினால் இல்லை என்றது. "ட்டு" என்று மட்டும் தேடினால் பட்டு வந்தது.

தங்கை இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தாள். முழுப் பெயரைக் கொடுத்தால் கணினி கையை விரித்தது. பாதிப் பெயரைக் கொடுத்தால் சிட்டு, மொட்டு, பட்டு என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து நிறுத்தியது. உட்கார முடியவில்லை. எழுந்து கண்ணாடிக் கதவுவரை நடந்தாள், திரும்பி வந்து நின்றபடியே மறுபடி தட்டினாள்.

"இல்ல, இல்ல" என்றது கூண்டிலிருந்த கிளி. உரிமையாளர் வெளியூர் போவதால் விட்டுவிட்டுப் போன கிளி அது. காலையிலிருந்து வரவேற்பு மேசையில் அடிக்கடி கேட்ட சொல்லைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

அது அக்காவின் விலங்கு மருத்துவமனை. அங்கே வரும் நாய், பூனைகளின் கார்டுகள் எல்லாம் ஒரு தரவுத்தளத்தில் இருக்கின்றன. அதன் பழைய பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்பதால், நச்சரித்து நச்சரித்துப் புதிய பதிப்புக்கு மாற்றச் சம்மதம் வாங்கியவள் மென்பொருள் வேலை பார்க்கும் தங்கைதான். நேற்று விடுமுறை நாள். புதிய கணினி, அதில் புதிய இயங்குதளம், அதன்மேல் புதிய பதிப்பு என்று எல்லாவற்றையும் மாற்றி முடித்திருந்தாள்.

இன்று காலை ஒரு தையல்காரர் தன் கறுப்பு நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாதத்தில் கண்ணாடி கிழித்திருந்தது. வரவேற்பு மேசையில் இருப்பவளுக்கு, வாய் ஓயாததால், ரேடியோ என்று பெயர். அவள் "பட்டு" என்று தேடினாள். இல்லை என்று வந்ததும் புதிய கார்டு போட்டுவிட்டாள். வெறும் கார்டைப் பார்த்த, அக்காவுக்கு உதவியாக இருக்கும் சின்ன டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றினார்.

"டாக்டர், ஏதோ ஒரு ஊசி இவளுக்கு ஆகாதுங்க" என்றார் தையல்காரர். "போன தடவை தொண்டை வீங்கி, பிழைச்சதே பெரிசு."

"எந்த ஊசி?"

"அது கார்டுல இருக்கும்னு பெரிய டாக்டர் சொன்னாங்களே."

ஊசி தட்டுக்குத் திரும்பியது. ரேடியோ முழுப் பட்டியலையும் உருட்டி உருட்டிப் பழைய கார்டைக் கண்டுபிடித்தாள். அதில் சிவப்பு எழுத்தில் இருந்தது, ஊசியில் ஏற்றியிருந்த அதே மருந்து. சின்ன டாக்டர் வேறு மருந்து போட்டுக் கட்டி, சாயங்காலம் கட்டு மாற்ற வரச் சொன்னார்.

அக்கா அறுவை அறையிலிருந்து கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்தாள்.

"நல்லா ஓடிட்டிருந்த வண்டி. உன் பேச்சைக் கேட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"கார்டு எதுவும் தொலையலக்கா. உள்ளதான் இருக்கு. தேடினாத்தான் வரமாட்டேங்குது."

"சாவி தொலையலடி, கிணத்துக்குள்ள பத்திரமா இருக்குன்ற மாதிரி இருக்கு."

"இல்ல, இல்ல" என்றது கிளி.

"நீ சும்மா இரு" என்றாள் அக்கா, கிளியிடம். பிறகு குரலைத் தணித்தாள். "பட்டு ஒண்ணு மாட்டிச்சு. இன்னும் எத்தனை இப்படி இருக்கோ? சாயங்காலம் திறக்கறதுக்குள்ள காரணம் சொல்லு. இல்லன்னா பழசையே மாட்டு. காலையில வந்ததையெல்லாம் கையால ஏத்திக்கறேன். கண்ணைக் கட்டிக்கிட்டு ஊசி போட என்னால முடியாது."

தங்கை நகத்தைக் கடித்தாள். பழைய கணினி இன்னும் மேசைக்கடியில்தான் இருந்தது. மாட்டுவது பெரிய வேலையில்லை. ஆனால் காரணம் தெரியாமல் திரும்பிப் போனால், அக்கா இன்னொரு முறை சம்மதிக்க மாட்டாள். திருத்தமே வராத பதிப்பு, என்றைக்காவது எவனாவது உள்ளே புகுந்து எல்லாக் கார்டுகளையும் அள்ளிக்கொண்டு போகும்வரை, அப்படியே கிடக்கும்.

தெரிந்ததிலிருந்து தொடங்கினாள். தரவுத்தளம் தேடுவதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, முதல் கார்டிலிருந்து கடைசிக் கார்டுவரை ஒவ்வொன்றாகப் பார்ப்பது. மற்றொன்று, இண்டெக்ஸைப் பார்ப்பது. புத்தகத்தின் கடைசியில் சொற்களை வரிசையாக அடுக்கி, எதிரே பக்க எண் போட்டிருப்பார்களே, அதுதான் இண்டெக்ஸ். முழுப் பெயர் கொடுத்தால் இண்டெக்ஸில் தேடும். பெயரின் வால் மட்டும் கொடுத்தால் இண்டெக்ஸ் உதவாது; எல்லாக் கார்டுகளையும் புரட்டித்தான் ஆகவேண்டும். புரட்டினால் பட்டு கிடைக்கிறது. ஆகவே கார்டில் குறையில்லை.

இன்னொன்றும் உறுத்தியது. ஒரே பெயர், ஒரே போன் நம்பர் என்றால் இரண்டாவது கார்டு போட விடக்கூடாது என்றுதான் அவள் கட்டியிருந்தாள். ஆனால் ரேடியோ போட்ட கார்டைத் தடுக்கவில்லை. இரட்டையைக் கண்டுபிடிப்பதும் அதே இண்டெக்ஸின் வேலைதான்.

"ரேடியோ, வேற எது வரலன்னு சொல்லு."

"மிட்டாய் பூனை வரல மேடம், அதுக்கும் புதுசு போட்டேன். டைகர் வந்தான். சிட்டு வந்தா. படகு வந்தான். கதவுகிட்டயும் மேசைகிட்டயும் மாறி மாறி நடக்காதீங்க மேடம், எனக்குத் தலை சுத்துது."

பட்டு, மிட்டாய். இரண்டிலும் ட் இருக்கிறது. புள்ளி எழுத்துதான் குற்றவாளி என்று தங்கை துள்ளினாள். அடுத்த நொடியே சிட்டு நினைவுக்கு வந்தாள். அதிலும் அதே ட்தான். ஆனால் சிட்டு சமர்த்தாகக் கிடைக்கிறாள். துள்ளியவள் நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள்.

சாப்பிட அக்கா கூப்பிட்டாள். போகவில்லை. பழைய கணினியை இழுத்துப் போட்டு, புதியதன் பக்கத்திலேயே இயக்கினாள். இரண்டிடமும் ஒரே வேலையைக் கொடுத்தாள்: பெயர்களையெல்லாம் அகர வரிசையில் அடுக்கு.

பழைய திரையில் படகு முதலில் வந்தான், பட்டு பிறகு. புதிய திரையில் பட்டு முதலில், படகு பிறகு.

"அக்கா!"

அக்கா சோற்றுக் கையோடு ஓடிவந்தாள். "எது செத்துப்போச்சு?"

"ஒண்ணும் சாகல. டிக்ஷனரில பட்டு முன்னால வருமா, படகு முன்னால வருமா?"

அக்கா யோசித்தாள். "பட்டுதான். ட் முடிஞ்சுதானே ட வரும்."

"புதுசு அப்படித்தான் அடுக்குது. பழசுக்கு அகராதி தெரியாது. கணினிக்குள்ள ட்ங்கறது ஒரே எழுத்தில்ல. ட-வை எழுதிட்டு, புள்ளியைத் தனியா ஒரு குறியா பின்னால வைக்கும். ஒவ்வொரு குறிக்கும் ஒரு எண். புள்ளியோட எண் க, ச, ட, கால், கொம்பு எல்லாத்தையும்விடப் பெரிசு. பழசு எண்ணை மட்டும் பார்த்து அடுக்கிச்சு. அதனால அதுக்குப் படகுதான் முதல்ல."

"சரி, எப்படியோ அடுக்கட்டும். தேடினா ஏன் வரல?"

"இண்டெக்ஸ் பழைய வரிசையில கட்டினது. நான் அதை அவிழ்க்காம, அலமாரியைச் சாமானோட தூக்கிட்டு வர்ற மாதிரி, அப்படியே கொண்டுவந்துட்டேன். புதுசு அதை நடுவுல திறக்குது. படகு கண்ணுல படறான். 'பட்டு படகுக்கு முன்னாலதானே, இடது பக்கம் போ'ன்னு போகுது. பட்டு வலது பக்கம் உட்கார்ந்திருக்கா. இல்லன்னு சொல்லிடுது."

"சிட்டு?"

தங்கை பட்டியலைப் பார்த்தாள். சி-க்குப் பின் புள்ளியில்லாத ட, டி, டு எதுவும் வருகிற பெயர் ஒன்றுகூட இல்லை. மிட்டாய்க்கோ மிடுக்கு என்றொரு நாய் குறுக்கே நின்றது. "அவ போற வழியில குழப்ப யாரும் இல்லக்கா. அதான் தப்பிச்சா."

"அப்ப பழசு தப்பா, புதுசு தப்பா?"

"ரெண்டும் தப்பில்ல. மாமியார் அடுக்கின அலமாரில மருமக உப்பு தேடற கதை. உப்பு இருக்கு. இவ தேடற இடத்துல இல்ல."

அக்கா சிரித்துவிட்டாள். "அப்ப அலமாரியை மருமகளையே அடுக்கச் சொல்லு."

தங்கை பெயர் இண்டெக்ஸை மறுபடி கட்டச் சொன்னாள். கொஞ்ச தூரம் ஓடி, நின்றது. ஒரே பெயர், ஒரே போன் நம்பர், இரண்டு கார்டு: மிட்டாய். காலையில் கண் தெரியாமல் உள்ளே விட்டதை இப்போதுதான் அது பார்த்தது. அவள் இரட்டைகளையெல்லாம் எடுத்துக் காட்டச் சொன்னாள். மிட்டாயும் பட்டுவும்தான். இன்று எழுதியதைப் பழைய கார்டுகளில் சேர்த்துவிட்டுப் புதிய கார்டுகளை நீக்கினாள். மறுபடி ஓட்டினாள். கால் தரையில் நிற்காமல் தாளம் போட்டது. இந்த முறை நிற்காமல் முடிந்தது. உரிமையாளர் பெயர், மருந்துப் பெயர் என்று எழுத்தால் அடுக்கிய மற்ற இண்டெக்ஸ்களையும் விடாமல் கட்டினாள்.

பிறகு எல்லாக் கார்டுகளின் பெயர்களையும் ஒவ்வொன்றாக இண்டெக்ஸ் வழியே தேடிப் பார்க்க ஒரு சின்ன நிரல் எழுதி ஓட்டினாள். ஒரு பெயர்கூட விடுபடவில்லை.

வெளியே கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. தையல்காரர் கட்டு மாற்ற வந்திருந்தார். ரேடியோ "பட்டு" என்று தட்டினாள். ஒரே கார்டு வந்தது. மேலே சிவப்பு எழுத்தில் ஆகாத மருந்து. கீழே காலையில் பட்ட காயம்.

பதிப்பை மாற்றும்போது எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியும் மாறினால், அதற்குள் விழுந்துவிட்ட இரட்டைப் பதிவுகளை முதலில் ஒன்றாக்க வேண்டும். பிறகு எழுத்தால் அடுக்கிய எல்லா இண்டெக்ஸ்களையும் புதிய விதிப்படி மறுபடி கட்ட வேண்டும்.