பதினேழாம் காணித்துண்டு

கனடாவின் மார்க்கம் நகரில், ஜெயரட்ணத்தின் வீட்டு பேஸ்மென்டில், ஒரு பிங்பொங் மேசையின் மேல் இன்னும் பிறக்காத ஒரு நாடு பன்னிரண்டு வருடம் இருந்தது. அதன் பதினேழாம் காணித்துண்டில் அவருடைய தங்கை சந்திரவதனாவின் மகன் ஜெனோசன், விரல்நகம் அளவு உயரத்தில், உயிரோடு நின்றுகொண்டிருந்தான்.

இலங்கையில் யுத்தம் முடிந்து நாலாம் வருடம், நாட்டைத் திருப்பிக் கட்டுவது எப்படி என்று தீர்மானிக்க ஜெயரட்ணமும் அவருடைய கூட்டாளி அமிர்தநாதரும் ஒரு சபை தொடங்கினார்கள். மேசைப் பலகையில் பேப்பர்க் கூழ் பூசி அந்த நாட்டின் கரையும் வீதியும் செய்தார்கள். கடனீரேரிக்கு அமிர்தநாதர் தன் கையால் நீலம் அடித்தார். இரண்டாம் மாதம் அந்த நீலம் ஈரமானது. நாலாம் மாதம் தீப்பெட்டி அளவு வீடுகளிலிருந்து சமையல் புகை எழுந்தது. சபையார் அதைக் கூட்டக் குறிப்பில் எழுதிவிட்டு ரோல்ஸ் சாப்பிட்டார்கள். அவர்களுக்கு அதைவிடப் பெரிய வேலை இருந்தது, சண்டை. ஜெயரட்ணத்தின் திட்டத்தில் அதிகாரத்தைக் கொழும்போடு பங்கிட்டுக்கொண்டு முதலில் விமான நிலையம் கட்ட வேண்டும். அமிர்தநாதரின் திட்டத்தில் தனிநாடு, முதலில் நினைவுத்தூபி. இரண்டுக்கும் பொருத்தமான மேட்டு நிலம் பதினேழாம் துண்டு ஒன்றுதான்.

அந்த இடத்தைச் சந்திரவதனாவுக்கு வரைபடம் இல்லாமலே தெரியும். யுத்தம் முடிந்த கிழமை, விசாரித்துவிட்டு விடுவோம் என்ற இராணுவத்தின் சொல்லை நம்பி, பத்தொன்பது வயது மகனைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் அங்கேதான் ஒப்படைத்தாள். அவனை பஸ்ஸில் ஏற்றினார்கள். பிறகு அவனைத் தேடி அவள் ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. அண்ணன் ஸ்பொன்சர் செய்து கனடாவுக்கு எடுத்த மூன்றாம் நாள், கூட்டத்துக்குத் தேத்தண்ணி கொண்டு படியிறங்கியவள் அவனைக் கண்டாள். அதே கோடுபோட்ட சேர்ட், அதே கொஞ்சம் தாழ்ந்த இடது தோள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவனுக்குக் கேட்கவில்லை. பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு சோற்றுப் பருக்கையைக் கிட்ட வைத்தாள், அது காய்ந்துபோனது. சபையார் சாமணத்தால் தூக்கப் பார்த்தார்கள், இம்மியும் அசையவில்லை. 'பதினேழில் ஒருவர் நிற்கிறார், வேலைக்குத் தடை' என்று குறிப்பில் ஏறியது.

"அண்ணை, அவன் நிக்கிற இடத்தை மட்டும் விடுங்கோ" என்றாள்.

"முதல்ல எங்கட திட்டத்துக்குக் கையெழுத்து வை பிள்ளை, பிறகு பாப்பம்" என்றார் ஜெயரட்ணம்.

அமிர்தநாதர் நல்ல மனிதர். கண் கலங்கித்தான் சொன்னார்: "தங்கச்சி, தூபியில முதல் பேரா உங்கட மகன்ர பேரைத்தான் போடுவம்."

"பேரை எழுதாதேங்கோ. அவன் நிக்கிறான்."

சபையின் விதிப்படி திட்டத்தில் கையெழுத்திடாதவர் மேசையைப் பற்றிப் பேச முடியாது. பாவம், அவள் இரண்டு திட்டத்திலும் கையெழுத்து வைத்தாள். அந்தச் சபையில் செய்யக்கூடாத பிழை அது ஒன்றுதான். இரண்டு பகுதியும் அவளைத் துரோகி என்றது. அதன்பிறகு தேத்தண்ணிக்கு மட்டுமே இறங்க விட்டார்கள். வருடங்கள் போயின. சபையாரின் தலை நரைத்தது, இரண்டு பேர் செத்தும் போனார்கள், திட்டங்கள் தடித்தன. கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் அவள் முதலில் பதினேழைத்தான் பார்ப்பாள், இன்றைக்கு அவனுக்கு மேல் எதையாவது ஒட்டியிருப்பார்களோ என்று.

போன ஐப்பசியில் சபை உடைந்து, மேசையை ஆளுக்குப் பாதியாகப் பிரிப்பதென்று முடிவானது. நடுவில் மடிகிற மேசை. மடிப்புக்கோடு ஜெனோசனின் இரண்டு காலுக்கும் நடுவால் போனது. ஆளை அகற்றாமல் பிரிக்க முடியாது என்பதால், பலகையோடு அவனைச் சீவி எடுப்பதென்று கை உயர்த்தினார்கள். பன்னிரண்டு வருடத்தில் இரண்டு பகுதியும் ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானம் அது ஒன்றே. சந்தோசத்தில் எல்லோரும் மேலே போய் ஒன்றாக இருந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டார்கள். கீழே கேட்ட அறுக்கிற சத்தத்தை ஹீற்றர் என்று நினைத்தார்கள். அண்ணனின் கைவாளால் அவள் பதினேழாம் துண்டைச் சுற்றி அறுத்து, மடிப்பின் இரு பாதியையும் அவன் சரியாமல் ஒட்டுநாடாவால் இறுக்கி, சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, மூடியில் மூச்சுவிட நாலு துளை போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். மீதி மேசை இப்போது இரண்டு வீடுகளில், ஓரத்தில் ஆளுக்கொரு குழியோடு கிடக்கிறது. இரண்டு திட்டமும் அந்தக் குழியை நிரப்பியபின் தொடங்கும் என்று எழுதியிருக்கிறது.

ஸ்காபரோவில் ஒரு வாடகை அறை. ஜன்னல் விளிம்பில் துண்டை வைத்தாள். இரண்டாம் நாள் அவன் பக்கத்தில் வேறொருவன் நின்றான். மார்கழிக்குள் நாற்பத்து மூன்று பேர். செய்தி பரவி, றிச்மண்ட் ஹில்லிலிருந்தும் ஸ்ரௌவ்வில்லிலிருந்தும் அவளைப்போலவே பிள்ளைகளை ஒப்படைத்த தாய்மார் பூதக்கண்ணாடியோடு வந்தார்கள். சிலர் தங்கள் பிள்ளையைக் கண்டு நிலத்தில் விழுந்து அழுதார்கள். காணாதவர்கள் அடுத்த கிழமையும் வந்தார்கள். யாரிடமும் எந்தத் திட்டம் என்று அவள் கேட்கவில்லை. நெரிசல் கூடியபோது கேக் சுடும் தட்டம் ஒன்றில் மண் போட்டுத் துண்டோடு சேர்த்துவிட்டாள்.

பங்குனியில் ஒரு காலை, ஜெனோசன் உட்கார்ந்திருந்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டு, நாடியை அதன்மேல் வைத்து. முகம் இன்னும் பஸ் போன திசைக்குத்தான். பார்க்க வந்திருந்த பெண் ஒருத்தி, என்ன நடந்தது என்று பதறினாள்.

"ஒண்டுமில்லை. நிண்டு களைச்சுப்போனான்" என்றாள் சந்திரவதனா. வெயில் அவன் கண்ணில் படாமல் திரையைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.