கயிறு கட்டிய அட்டைப்பெட்டி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஓர் அட்டைப்பெட்டியைக் கண்டு பயந்த பெண்ணின் கதை சொல்கிறேன்.

அவள் அப்பா பாலங்களுக்கு வெல்டிங் வைப்பவர். ஒரு பாலம் முடிந்தால் வீடு மாறும், கூடவே பள்ளிக்கூடமும் மாறும். ஆறாவது பள்ளியில்தான் அவள் ஆர்மோனியத்தைத் தொட்டாள். அன்றிலிருந்து தூக்கத்திலும் விரல்கள் போர்வைமேல் ஓடின.

அப்பா கையில் அட்டைப்பெட்டியோடு வந்தால் ஊர் மாறப்போகிறது என்று அர்த்தம். ஒரு சாயங்காலம், கயிறு கட்டிய பெட்டி ஒன்றை மூலையில் வைத்தார்.

"எதுக்குப்பா இது?"

"சும்மாதாம்மா."

சும்மாவா? சமையலறையில் அப்பாவும் அம்மாவும் குசுகுசுவென்று பேசினார்கள். இவள் தலையைக் கண்டதும் அம்மா, "குழம்புக்கு உப்பு போதுமான்னு கேட்டேன்" என்றாள். அடுப்பே பற்றவைக்கவில்லை!

"பொய்! கிளம்பப் போறோம். ஆர்மோனியத்தை விட்டுட்டு நான் வரமாட்டேன்" என்று பெட்டிமேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

பெட்டி 'ஙொய்ங்' என்று முனகியது. பதறி எழுந்தாள்.

"மெல்ல, யானைக்குட்டி! ஏற்கெனவே ஒரு கட்டை சிக்கிக் கிடக்கு" என்று அப்பா ஓடிவந்து கயிற்றை அவிழ்த்தார். உள்ளே ஒரு பழைய ஆர்மோனியம்.

"அப்போ போகலையா?"

அப்பா தலையைச் சொறிந்தார். "அடுத்த மாசம் போறோம். நீ சந்தேகப்பட்டது சரிதான், சொல்லத்தான் வாய் வரல. ஆனா இது நம்மகூடவே வருது."

அழுதுகொண்டே அவள் சிக்கிய கட்டையை நெம்பத் தொடங்கினாள்.

எத்தனை ஊர் மாறினாலும், உங்கள் வீட்டில் பிரியமானது எதுவும் பின்தங்காமல் கூடவே வரட்டும். எல்லாரும் நன்றாக இருங்கள்.