இரண்டு 'இ'

பழைய காரின் முன்பக்க ஸ்பிரிங் இரண்டும் பெயிண்ட் காய்ந்து மாட்டுவதற்குத் தயாராக இருந்தன. ஒன்று மற்றதைவிட விரற்கடை உயரம். பக்கம் மாற்றி மாட்டினால் வண்டி சாய்ந்துதான் நிற்கும்.

கழற்றியவர் பட்டறையின் மூத்த மெக்கானிக் சாதிக் பாய். ஒவ்வொன்றிலும் ஒரு தகரத் துண்டைக் கட்டி, ஆணியால் எழுத்துக் கீறியிருந்தார். இன்று மாட்ட வேண்டிய மெக்கானிக் சிவரஞ்சனி முதல் துண்டைப் பார்த்தாள். 'இ'. இடது, சரி. அடுத்ததைத் திருப்பினாள். அதிலும் 'இ'.

இரண்டுமே இடதா? அப்படியானால் இத்தனை வருஷமும் இந்த வண்டி இரண்டு இடது காலோடா காரைக்குடியைச் சுற்றியது? வேறு ஏதோ காரின் ஸ்பிரிங்கை எந்த மகராசன் இதில் செருகினான்? மண்டை குடைந்தது. வண்டிக்காரர் மெய்யநாதனுக்குப் போன் போட்டாள்.

"எங்க அப்பச்சி வாங்குன வண்டி. அம்புட்டும் ஒரிஜினல்!" என்று அவர் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார்.

சாதிக் பாய் சிவகங்கையில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். இரைச்சலுக்கு நடுவே கத்திக் கேட்டாள்.

"பாய், தகரத்துல 'இ'ன்னா இடதுதான?"

"இல்லம்மா, இங்குட்டு."

"அப்ப இன்னொண்ணுல அங்குட்டுன்னு 'அ'தான போட்டிருக்கணும்? ரெண்டுலயும் 'இ' போட்டிருக்கீக!"

இதில் என்ன குழப்பம் என்றே அவருக்கு விளங்கவில்லை.

"அதைக் கழட்டுறப்ப நான் அங்குட்டுப் போயிட்டேன்லம்மா. அப்ப அதுதான இங்குட்டு?"