இருபத்தைந்தாவது ஆட்டம்

ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கிரெய்க் ஹோல்ராய்ட் நொண்டினான். ஒரே ஒரு தப்படி. மூவாயிரம் பேர் இருந்த மைதானத்தில் அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அதைப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

நான் ஆலன் பிக்லி, ரேவன்ஷா டவுன் கால்பந்து அணியின் பிசியோ. பையன்கள் என்னை ‘டாக்டரே’ என்பார்கள். மரியாதை இல்லை, கேலி. ஈரப் பஞ்சையும் ஐஸ் பையையும் விட்டால் எனக்கு வேறு வைத்தியம் தெரியாதாம்.

கிரெய்க் எங்கள் முன்கள ஆட்டக்காரன். வயது முப்பத்துநான்கு. பதினாறு வருடம், ஒன்பது கிளப், நூற்று அறுபத்திரண்டு கோல். அத்தனையும் மூன்றாம், நான்காம் டிவிஷனில். இருபத்திரண்டு வயதில் ஒரு பெரிய கிளப் அவனைப் பார்க்க ஆள் அனுப்பியது. அன்று மழையில் ஆட்டம் ரத்து. வந்தவர் சூடாக ஒரு சாண்ட்விச் தின்றுவிட்டுப் போனார். திரும்பி வரவே இல்லை.

இப்போது அவனுக்கு வேண்டியது இன்னும் ஒரு வருடம். அதற்கு ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. இந்த சீசனில் இருபத்தைந்து ஆட்டங்களில் முதல் விசிலிலிருந்து களத்தில் நின்றால், அடுத்த சீசனுக்கும் ஒப்பந்தம் தானாக நீளும். இடையில் மாற்று ஆளாக இறங்கினால் அது சேராது.

மார்ச் முடிவில் இருபத்துநான்கு ஆகியிருந்தது. அதற்குப் பிறகு ஐந்து வாரம் மேனேஜர் மெல்லர் அவனை பெஞ்சிலேயே உட்கார வைத்தார். இன்னொரு வருடச் சம்பளம் தர முடியாது என்று கிளப்பின் சேர்மன் சொல்லியிருந்தார், உடை மாற்றும் அறையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடைசி ஆட்டத்துக்கு முந்தைய சனிக்கிழமை எங்கள் இன்னொரு முன்கள ஆட்டக்காரன் சிவப்பு அட்டை வாங்கித் தொலைத்தான். அடுத்த ஆட்டத்தில் ஆட அவனுக்குத் தடை. மெல்லருக்கு வேறு வழியில்லை. பட்டியலில் ஒன்பதாம் எண்ணுக்கு நேராகக் கிரெய்க்கின் பெயரை எழுதினார்.

அப்படிக் கிடைத்த நாளில்தான் இந்த நொண்டல்.

முழங்கையைப் பிடித்து என் அறைக்குள் இழுத்துப் போனேன். காலுறையை இறக்கிக் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணைத் தடவினேன். சூடாக வீங்கியிருந்தது. நடுவில் விரல் நுனி பதிகிற அளவுக்குப் பள்ளம். பாதி கிழிந்துவிட்டது.

இப்போதே நிறுத்தினால் மூன்று மாதத்தில் ஓடலாம், வேறு ஏதாவது ஒரு கிளப் எடுத்துக்கொள்ளும் என்றேன்.

“எந்தக் கிளப், டாக்டரே? பேரைச் சொல்லு, இப்பவே போன் போடுறேன்.”

நான் ஐஸ் பையை எடுத்து வீக்கத்தின்மேல் வைத்தேன்.

விசில் ஊதும்போது நின்றால் போதும் என்றான். பட்டியல் நடுவரிடம் போய்விட்டாலும், விசிலுக்கு முன் காயம் என்றால் ஆளை மாற்றிவிடுவார்கள், இருபத்துநான்கோடு நின்றுவிடும். ஊதியபின் ஒரு நிமிடம் சும்மா நடப்பான், உட்கார்ந்து கையைத் தூக்குவான், நான் ஓட வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

“ஒரே நிமிஷம்டா. பதினாறு வருஷம் ஓடின காலு, ஒரு நிமிஷம் நிக்காதா?”

கதவு திறந்தது. மெல்லர் தலையை நீட்டினார். “என்ன, கிழவனுக்கு ஏதாச்சுமா?”

என் ஒரு வார்த்தை போதும், கிரெய்க்கின் பெயர் பட்டியலிலிருந்து போய்விடும். சேர்மன் என் கையைக் குலுக்கிப் பாராட்டுவார்.

“ஒண்ணுமில்ல பாஸ். பேண்டேஜ் இறுக்கிட்டிருக்கேன்.”

மெல்லர் அந்தக் காலை ஒருமுறை பார்த்தார். பிறகு போய்விட்டார்.

மூன்று மணி. விசில். பந்து உருண்டது. இருபத்தைந்து.

மருந்துப் பையைப் பிடித்தபடி கோட்டோரம் நின்றேன். கிரெய்க் எதிரணியின் கோல் பக்கமாக மெதுவாக நடந்தான். என் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்தினான். முழங்காலை மடக்கினான். ஒரு கை புல்லைத் தொட்டுவிட்டது.

எங்கள் இடது ஓரத்தில் ஆடும் பையனுக்கு இந்தத் திட்டத்தை யாரும் சொல்லியிருக்கவில்லை. அவன் பந்தோடு தன்னைத் தடுத்த ஆளைத் தாண்டினான். தலையைத் தூக்கிப் பார்த்தான். கோல் முகத்துக்குப் பந்தைத் தூக்கிப் போட்டான்.

கிரெய்க் எழுந்துவிட்டான்.

“உட்காருடா!” என்று கத்தினேன். மூவாயிரம் பேர் வேறு எதையோ கத்திக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் அப்படி வரும் பந்தை அவன் ஒருநாளும் சும்மா விட்டதில்லை. மூன்று எட்டு ஓடி, காயம்பட்ட காலை ஊன்றியே எம்பினான். பந்து நெற்றியில் பட்டு வலைக்குள் போனது. காய்ந்த பலகை முறிகிற மாதிரி ஒரு சத்தம் கோட்டோரம் வரை கேட்டது.

விழுந்தவன் திரும்பிப் பின்னால் பார்த்தான். குதிகால் தசைநாண் அறுந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள், யாரோ உதைத்துவிட்டார்கள் என்று நினைத்து. பின்னால் ஆள் இல்லை. அதற்குள் பையன்கள் அவன்மேல் குவிந்துவிட்டார்கள். ஒவ்வொருவனாகச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டேன்.

அடியில் வெளுத்துப்போய்க் கிடந்தான். “யாரு உதைச்சது?”

“யாருமில்லடா.”

புரிந்துகொண்டான். கண்ணை மூடிக்கொண்டான்.

ஒப்பந்தம் அடுத்த வாரமே வந்தது. மாவுக்கட்டுப் போட்ட காலை சோபாவில் நீட்டியபடி கையெழுத்துப் போட்டான். அந்த ஒரு வருடமும் அவன் ஆடியது என் அறையின் சிகிச்சை மேஜைமேல்தான். காலை ஒன்பது மணிக்கு, மற்றவர்கள் வருமுன் வந்துவிடுவான். பிப்ரவரியில் ஒருநாள் கோலிலிருந்து நடுக்கோடு வரை ஓடிப் பார்த்தான். திரும்பி வரும்போது நடந்துதான் வந்தான். “போதும்” என்றான். பாதிக் கிழிசலை நான் இரண்டு பேருக்கு ஆற்றியிருக்கிறேன். முழுசாக அறுந்தது, அந்த வயதில், ஆறவில்லை.

மே மாதம் அவன் சாமான்களை எடுத்துப்போக அவன் மனைவி ஷோனா காரோடு வந்தாள். அவன் உள்ளே எல்லோரிடமும் விடைபெற்றுக்கொண்டிருந்தான்.

“ஆலன், ஒண்ணு கேக்கறேன். அவரு சொல்ல மாட்டேங்கறாரு. அவரு காலு சரியில்லன்னு விசிலுக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது” என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து, இந்த ஒரு வருடம் அவனைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொன்னாள்.